மணவினையும் மரணமும்: புரோட்வே இசைநாடகங்களின் கதைமுடிவுகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாடகம் எதனை நம்புகின்றது என்பதை அறிய விழைவோர் பெரும்பாலும் அதன் பாத்திரங்கள் பேசும் பேச்சையே ஆராய்வர். பேச்சினை விட உறுதியான சான்று ஒன்று உண்டு. இறுதித் திரை விழும்போது யார் யாரை மணந்திருக்கின்றனர், யார் இறந்திருக்கின்றனர், யார் ஊரை விட்டு அகன்றிருக்கின்றனர் என்பதே அச்சான்று. நாடகாசிரியன் தன் பாத்திரங்களின் வாயிலாக எத்துணை உயர்ந்த கருத்துக்களை மொழிந்தாலும், கதையை அவன் முடிக்கும் முறையே அவனது தீர்ப்பாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் நகரில், புரோட்வே எனும் வீதியைச் சூழ்ந்த அரங்குகளில் 1927 முதல் 1966 வரை முதன்முதலாக மேடையேறிய புகழ்பெற்ற இசைநாடகங்கள் சிலவற்றை இந்நோக்கில் அணுகுவது பயனுடையது.

இவ்விசைநாடகங்கள் குறித்து இருவகை மனப்பாங்குகள் நிலவி வந்துள்ளன. ஒரு சாரார் இவற்றைப் பணம் படைத்தோரின் மாலைப்பொழுதுப் பொழுதுபோக்கு என ஒதுக்குவர். பாட்டும் ஆட்டமும் நிறைந்த ஒன்றிலே சிந்தனைக்கு இடமேது என்பது இவர்தம் எண்ணம். மறு சாரார் இவற்றின் வடிவச் சிறப்பினை வியந்து போற்றுவர். பாடல், நடனம், வசனம் ஆகிய மூன்றும் கதையோடு இரண்டறக் கலந்த பெருமையே இவர்களுக்கு முதன்மையானது. முதற் சாரார் உள்ளடக்கம் இல்லை என்கின்றனர். இரண்டாஞ் சாரார் உள்ளடக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நிறவேற்றுமை, நிலவுரிமை, கூலியுழைப்பு, குடிபெயர்வு முதலான பிரச்சினைகளை இந்நாடகங்கள் உண்மையிலேயே மேடைக்குக் கொணர்ந்தன. அவற்றை எவ்வாறு முடித்தன என்பதே ஆராயத்தக்கது.

வடிவமும் வணிகமும்

1920களின் முற்பகுதி வரை புரோட்வேயில் வழக்கிலிருந்த இசைக் களியாட்டங்களிற் கதை என்பது பாடல்களைத் தொடுக்கும் நாராகவே பயன்பட்டது. ஒரு நாடகத்துப் பாடலை வேறொன்றிற் செருகினும் கேள்வி கேட்பாரில்லை. பாடல் கதைக்குரியதாகிய பின்னர் நிலைமை மாறிற்று. பாத்திரமொன்றின் உள்ளத்திலிருந்து பாடல் எழவேண்டுமாயின் அவ்வுள்ளத்திலே கனதியான ஏதேனும் இருத்தல் வேண்டும். எனவே வடிவத்தின் வளர்ச்சியே உண்மையான முரண்பாடுகளைக் கதையினுள் வரவேற்றது எனலாம்.

அதே வேளை புரோட்வே ஒரு வணிக அரங்காகவே இருந்து வந்துள்ளது. முதலிட்டோர் இலாபத்தை எதிர்பார்ப்பர். வாரத்துக்கு எட்டுக் காட்சிகளுக்கு ஆசனங்கள் நிரம்பவேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் மனநிறைவோடு வீடு திரும்பவேண்டும். ஆகவே கதைப்பின்னலுக்கு இரு கடமைகள் நேர்ந்தன. முரண்பாட்டை எழுப்பவும் வேண்டும். அதனை ஆற்றவும் வேண்டும். இவ்விரண்டாவது கடமையை நிறைவேற்றுதற்குக் கிடைத்த பழைய கருவிகளே மணவினையும் மரணமும்.

இன்பியல் நாடகம் ஒரு மணவினையைச் சுற்றிப் புதியதொரு சமுதாயத்தைக் கட்டியெழுப்புகின்றது என்றும், அவ்வாறு கட்டும்போது அதனுள் அடங்காத ஒருவரை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு என்றும் கனேடிய விமர்சகர் நோத்றொப் ஃப்றை தமது 'விமர்சனத்தின் உடற்கூறு' எனும் நூலில் (1957) விளக்கியுள்ளார். ஷேக்ஸ்பியரின் ஷைலொக்கும் மல்வோலியோவும் அவ்வாறு தள்ளப்பட்டவர்களே. புரோட்வே நாடகங்களில் அவ்விடத்தில் நிற்பவர் யார் என்பது கவனித்தற்குரியது.

பாடல் தந்ததும் கதை மறுத்ததும்

ஜெறோம் கேர்ண் இசையமைக்க, ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் வசனமும் பாடலும் எழுதிய 'ஷோ போட்' 1927 டிசம்பர் 27ஆம் திகதி மேடையேறிற்று. எட்னா ஃபேர்பர் 1926இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். மிசிசிப்பி நதியில் ஊரூராகச் சென்று நாடகமாடும் படகொன்றே கதைக்களம். படகுத் தலைவரின் மகள் மக்னோலியா, சூதாடியான றவெனலைக் காதலித்து மணக்கிறாள், அவனாற் கைவிடப்படுகிறாள், பாடகியாகப் புகழ் பெறுகிறாள், முதுமையில் அவனை மீண்டும் சந்திக்கிறாள். இது மேலோட்டமான கதை.

இக்கதையின் அடியில் இன்னொரு பெண்ணின் கதை ஓடுகின்றது. படகின் முதன்மை நடிகை ஜூலி, வெள்ளையர் எனக் கருதப்பட்டவள். உண்மையில் அவள் உடலிற் கறுப்பினக் குருதியும் கலந்துள்ளது. அவள் கணவன் ஸ்ரீவ் வெள்ளையன். இத்தகைய மணம் அப்பிரதேசத்திற் சட்டப்படி குற்றம். ஷெரீப் வருகிறான் என அறிந்ததும் ஸ்ரீவ் கத்தியால் மனைவியின் கையைக் கீறிக் குருதியை உறிஞ்சுகின்றான். தன் உடலிலும் கறுப்பினக் குருதி உண்டு என்று பொய்யின்றிச் சொல்வதற்காகவே அவ்வாறு செய்கின்றான். குருதியால் மனிதரைப் பிரிக்கும் சட்டத்தின் அபத்தத்தை இதனினும் கூர்மையாக ஓர் அரங்கச் செயலால் உணர்த்துவது அரிது. அத்தகைய சட்டங்களை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது 1967இலேயே என்பதை எண்ணும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இக்காட்சி பெற்றிருந்த துணிவு புலனாகும்.

ஆயினும் கதைப்பின்னல் அத்துணிவை இறுதிவரை பேணியதா? தம்பதியர் படகை விட்டு வெளியேற வேண்டியதாகின்றது. ஜூலி விட்டுச்சென்ற வேடம் மக்னோலியாவுக்குக் கிடைக்கிறது. பல்லாண்டுகளின் பின் சிக்காகோ நகரின் கேளிக்கை அரங்கொன்றில் மதுவுக்கு அடிமையாகிப் பாடிக்கொண்டிருக்கும் ஜூலி, வேலை தேடி வந்தவள் மக்னோலியா என்பதை மறைந்து நின்று கண்டு, தன் இடத்தை அவளுக்காக விட்டு மறைகிறாள். இருமுறை ஜூலி வெளியேறுகிறாள். இருமுறையும் மக்னோலியா உயர்கிறாள். மக்னோலியாவின் புகழுக்கு உரிய விலையை ஜூலியே செலுத்துகிறாள். இறுதிக் காட்சியில் றவெனலும் மக்னோலியாவும் இணைகின்றனர்; ஜூலிக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. ஃபேர்பரின் நாவலில் றவெனல் திரும்பி வருவதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மீள்சேர்க்கை மேடைக்கென உண்டாக்கப்பட்டது.

படகுத்துறையிற் சுமைதூக்கும் ஜோ என்னும் கறுப்பினத் தொழிலாளியின் நிலையும் இத்தகையதே. நாடகத்தின் மிகச் சிறந்த பாடல் அவனுக்கே வழங்கப்பட்டுள்ளது. மனிதரின் துயரைப் பொருட்படுத்தாது ஓடும் நதியைப் பற்றிய அப்பாடலே பார்வையாளர் நெஞ்சில் நிலைப்பது. ஆனால் கதையிலே அவன் செய்வதற்கு எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. அவன் அதே துறையில் அதே பாடலைப் பாடுகிறான். அப்பாத்திரத்தைப் புகழ்பெறச் செய்த போல் றோப்சன், பிற்காலத்தில் தமது கச்சேரிகளில் அப்பாடலின் சொற்களை மாற்றி, சலிப்பின் குரலைப் போராட்டத்தின் குரலாக்கிப் பாடினார். கதை மாற்ற மறுத்ததைக் கலைஞர் ஒருவர் பாடலிலே மாற்றினார் எனலாம். பாடல் குரல் கொடுத்தோர்க்குக் கதை இடங் கொடுக்கவில்லை என்னும் இம்முரண் பின்வந்த நாடகங்களிலும் தொடர்வதைக் காணலாம்.

கூலியாளின் பிணமும் தேனிலவு வண்டியும்

1943 மார்ச் 31ஆம் திகதி மேடையேறிய 'ஒக்லஹோமா!' இவ்வடிவத்தின் முழுமையான வெற்றி எனப் போற்றப்படுவது. றிச்சட் றொட்ஜர்ஸ் இசையமைக்க ஹமர்ஸ்ரைன் எழுதிய இந்நாடகம் 2,212 காட்சிகள் தொடர்ந்து நடைபெற்றது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நாட்டின் இளமையையும் வளத்தையும் பாடிய இந்நாடகம் மக்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

ஒக்லஹோமா மாநிலமாக இணைவதற்குச் சற்று முன்னைய காலம், 1906. மாடு மேய்க்கும் கேர்லியும் பண்ணைப் பெண்ணான லோறியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஊடலினால், விருந்துக்கு அப்பண்ணையின் கூலியாள் ஜட் ஃப்றையுடன் செல்ல லோறி ஒப்புகிறாள். முக்கோணக் காதற்கதையே இது. ஆனால் மூவரும் மூன்று வாழ்நிலைகளைச் சேர்ந்தவர்கள். லோறியின் குடும்பம் நிலமுடையது. கேர்லி மந்தை மேய்ப்போரைச் சேர்ந்தவன். ஜட், புகையறை ஒன்றிலே தனித்து உறங்கும் கூலித் தொழிலாளி.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் உழவரும் மேய்ப்பரும் நண்பராக வேண்டும் என்று ஊரார் கூடிப் பாடி ஆடுகின்றனர். இடையே அடிதடி மூள, எலர் அத்தை துப்பாக்கியை நீட்டி அனைவரையும் மீண்டும் பாடவைக்கிறாள். நகைச்சுவையான இக்காட்சியில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. வேலியடைக்க விரும்பும் உழவனுக்கும் திறந்த வெளியை விரும்பும் மேய்ப்பனுக்கும் இடையிலான பகைமை இங்கே தீர்கின்றது. கேர்லி–லோறி மணவினை அதன் குறியீடு. ஆனால் அந்தச் சமாதானப் பாட்டிலே மூன்றாமவனாகிய கூலியாளுக்கு ஓர் அடிதானும் இல்லை.

அதனை அடுத்து நிகழும் ஏலக் காட்சி இன்னும் தெளிவானது. பெண்கள் கொணர்ந்த உணவுக் கூடைகள் ஏலமிடப்படுகின்றன. லோறியின் கூடைக்காக ஜட், கூலி வேலையிற் சேமித்த பணம் முழுவதையும் கேட்புத்தொகையாக வைக்கிறான். கேர்லி தன் சேணத்தையும் குதிரையையும் துப்பாக்கியையும் விற்று அவனை வெல்கிறான். இருவரும் தம் உடைமை அனைத்தையும் ஈந்தனர். ஒருவனது ஈகை காதலாகவும் மற்றவனது ஈகை அச்சுறுத்தலாகவும் காட்டப்படுகின்றது. ஜட் நல்லவன் என்று வாதிடுவதற்கு இடமில்லை. வஞ்சமும் வன்முறையும் நிறைந்தவனாகவே நாடகம் அவனைப் படைத்துள்ளது. எனினும் அவ்வாறு படைத்ததன் தேவை என்ன என்பதே வினா.

இதற்கு விடை முதல் அங்கத்திலேயே உள்ளது. ஜட்டின் புகையறைக்குச் செல்லும் கேர்லி, அங்கு தொங்கும் கயிற்றைக் காட்டி, நீ இறந்தாற்றான் ஊரார் உன்னை நேசிப்பர் எனும் கருத்துப்பட விளையாட்டாகப் பாடுகிறான். ஜட்டும் அக்கற்பனையில் மயங்கிக் கூடவே பாடுகிறான். அங்கே கேலியாகச் சொல்லப்பட்டதை நாடகத்தின் முடிவு மெய்யாக்குகின்றது. மணநாளன்று குடித்துவிட்டுக் கத்தியோடு வரும் ஜட், கைகலப்பிற் கேர்லியோடு மோதித் தன் கத்தி மீதே வீழ்ந்து இறக்கிறான். மணமக்களின் தேனிலவுப் பயணம் தடைப்படக் கூடாதென்பதற்காக வீட்டிலேயே நீதிமன்றம் கூட்டப்படுகின்றது. சில நிமிடங்களிற் கேர்லி குற்றமற்றவனாகிறான். வண்டி புறப்படுகிறது.

மூலமாகிய லின் றிக்ஸின் நாடகம் இவ்வாறு முடிவதில்லை. செறோக்கி இனக் கலப்புடையவரும் அப்பிரதேசத்திலே பிறந்தவருமான றிக்ஸ் எழுதிய நாடகம் 1931இல் புரோட்வேயில் மேடையேறிற்று. அதிலே கேர்லி சிறைப்படுகிறான், தப்பிவந்து ஓர் இரவு மனைவியோடு தங்க மட்டுமே அவனுக்கு இசைவு கிடைக்கிறது, விசாரணை இனிமேல்தான். அவனைப் பிடிக்க வந்தோரை எதிர்க்கும் ஊரார், தம் உடலில் ஆதிக்குடிகளின் குருதி ஓடுவதையும், ஐக்கிய நாடுகள் தமக்கு அந்நிய நாடே என்பதையும் பேசுகின்றனர். இசைநாடகத்தில் இப்பேச்சுக்கள் இல்லை, ஆதிக்குடிகளும் இல்லை. 'இந்தியப் பிரதேசம்' என்று பெயர் பெற்றிருந்த மண்ணிலே, அப்பெயருக்கு உரியோர் ஒருவரேனும் இன்றி, புதிய மாநிலத்தின் பிறப்பு கொண்டாடப்படுகின்றது. மாநிலம் பிறப்பதற்கு ஆதிக்குடி மறைய வேண்டியிருந்தது. மணவினை நிறைவேறக் கூலியாள் இறக்க வேண்டியிருந்தது.

இவ்வாசிப்பு வலிந்து பொருள்கொள்வதன்று என்பதற்கு அரங்க வரலாறே சான்று. டானியல் ஃபிஷ் நெறியாள்கை செய்து 2019இல் புரோட்வேயில் மேடையேறிய மறுதயாரிப்பில் வசனங்கள் பெரிதும் மாற்றப்படவில்லை. ஆனால் ஜட் மணப்பரிசாகத் துப்பாக்கியொன்றைக் கொடுக்க, கேர்லி அவனைச் சுடுகிறான். மணமக்களின் வெண்ணிற ஆடைகளிற் குருதி தெறிக்கின்றது. அதன் பின்னர் நடைபெறும் அவசர விசாரணை, அதே சொற்களைக் கொண்டே, பார்வையாளரை நடுங்க வைத்தது.

ஒரு வினா, இரு விடைகள்

ஜேம்ஸ் மிச்சனரின் கதைகளைத் தழுவி றொட்ஜர்ஸும் ஹமர்ஸ்ரைனும் ஆக்கிய 'சவுத் பசிபிக்' 1949 ஏப்ரல் 7ஆம் திகதி அரங்கேறி, 1950இல் நாடகத்துக்கான புலிற்சர் பரிசைப் பெற்றது. நிறவெறியை நேரடியாகக் கண்டித்த நாடகம் இது. போர்க்காலப் பசிபிக் தீவொன்றில் ஒரே வினா இரு காதலர் இணைகளுக்கு விடுக்கப்படுகிறது. ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரைச் சேர்ந்த தாதி நெலி, பிரெஞ்சுத் தோட்டமுதலாளி எமீலை விரும்புகிறாள்; இறந்துபோன பொலினீசிய மனைவியின் இரு பிள்ளைகள் அவருக்கு உளர் என அறிந்ததும் பின்வாங்குகிறாள். லெப்டினன்ற் கேபிள் என்னும் இளைஞன், தொங்கிங் பிரதேசத்துப் பெண்ணாகிய லியற்றைக் காதலிக்கிறான், மணக்க அஞ்சுகிறான். வெறுப்பு என்பது பிறவிக் குணமன்று, சிறுவயதிலேயே ஊட்டப்படுவது என்னும் கருத்துடைய பாடலைக் கேபிள் பாடுகின்றான். அப்பாடல் எத்துணை ஆழமாகத் தைத்தது என்பதற்கு 1953இல் ஜோர்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் சிலர் கிளப்பிய எதிர்ப்பே சாட்சி. பாடலை நீக்க ஆசிரியர் இருவரும் உடன்படவில்லை. அவர்தம் நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

எனினும் கதை தரும் விடைகளை நோக்குக. கேபிள் மனந்திருந்தி, போர் முடிந்தால் இங்கேயே தங்குவதெனத் தீர்மானிக்கிறான். தீர்மானித்தவன் எதிரியின் தீவுக்குச் சென்று மாண்டுபோகிறான். நெலியும் திருந்துகிறாள், அவள் விரும்பிய எமீல் அதே பணியிலிருந்து உயிரோடு திரும்புகிறார். திருந்திய இருவருள் ஒருத்திக்கு மணமும் ஒருவனுக்கு மரணமும் ஏன்? நெலி ஏற்கவேண்டியது இறந்துவிட்ட ஒரு பெண்ணின் நினைவையும் அன்பிற்குரிய இரு குழந்தைகளையுமே. கேபிள் ஏற்கவேண்டியதோ உயிரோடு இருக்கும் ஓர் ஆசியப் பெண்ணை. அவளை மனைவியாக அழைத்துச் செல்லவேண்டிய இடம் அவன் பிறந்த பிலடெல்பியா. 1949இன் அரங்கு முன்னையதை ஏற்றது; பின்னையதைப் போர்க்களத்தில் விட்டுவிட்டது. மிச்சனரின் நூலில் தோட்டமுதலாளிக்குப் பல பெண்களிடம் பிறந்த எட்டுப் புதல்வியர். மேடையில் அவர்கள் முறையான ஒரே மணத்திற் பிறந்த இரு குழந்தைகளாகச் சுருங்கினர் என்பதும் இதே போக்கினைக் காட்டும்.

லியற் இந்நாடகத்தில் அரிதாகவே பேசுகிறாள். கேபிளையன்றி வேறெவரையும் மணக்க மறுத்து நிற்கும் அவளை இறுதியில் நெலி அணைத்துக்கொள்கிறாள். அவ்வணைப்பிற் பரிவு உண்டு. எனினும் நெலிக்குக் கிடைத்த குடும்பம் அவளுக்கு இல்லை.

தற்செயல் சமூகக் காரணமாதல்

'வெஸ்ற் சைட் ஸ்ரோரி' 1957 செப்டெம்பர் 26ஆம் திகதி மேடையேறிற்று. ஆதர் லோறன்ஸ் கதைவசனமும், லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் இசையும், ஸ்ரீபன் சொண்ட்ஹைம் பாடல்களும் ஆக்க, ஜெறோம் றொபின்ஸ் நெறியாள்கையும் நடனமும் அமைத்தார். 'றோமியோவும் ஜூலியற்றும்' நியூயோர்க் வீதிகளுக்குப் பெயர்க்கப்பட்டது. வெள்ளை இளைஞர் குழுவும் போட்டோ றிக்கோவிலிருந்து வந்தோரின் குழுவும் பகைக் குடும்பங்களின் இடத்தைப் பெற்றன.

மூலத்தினின்றும் இந்நாடகம் செய்துள்ள மிகப்பெரும் மாற்றம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. ஷேக்ஸ்பியரில் அழிவுக்கு உடனடிக் காரணம் தற்செயல்: கொள்ளைநோய் அச்சத்தால் தூதுவன் தடுத்து வைக்கப்பட, கடிதம் உரியவனிடம் சேரவில்லை. இசைநாடகத்தில் மரியாவின் செய்தியை ரோனிக்கு எடுத்துச் செல்பவள் அனிற்றா. தன் காதலன் பேர்னார்டோவைக் கொன்றவன் ரோனி என்பதை அறிந்தும், துயரை விழுங்கி, உதவும் நோக்குடன் எதிரிகளின் கடைக்கு வருகிறாள். அங்கே அவள் இனத்தைச் சொல்லி இழிவு செய்து, பலாத்காரத்தின் விளிம்புவரை செல்கின்றனர் அவ்விளைஞர். ஆத்திரத்தில் அவள், மரியா இறந்துவிட்டாள் என்று பொய் கூறிச் செல்கிறாள். அப்பொய்யை நம்பி வீதிக்கு வரும் ரோனி சுட்டுக் கொல்லப்படுகிறான். விதியின் இடத்தில் இனவெறி வைக்கப்பட்டது. தற்செயலைச் சமூகக் காரணமாக மாற்றிய இச்செயல், கதைப்பின்னல் என்னும் கருவியால் மட்டுமே ஆற்றக்கூடிய விமர்சனமாகும்.

முடிவிலும் துணிவு உண்டு. மூலத்தில் மூத்தோர் கைகோத்துப் பொற்சிலை நாட்ட உறுதியளிப்பர். இங்கே மூத்தோர் செயலற்று நிற்க, இரு குழு இளைஞரும் சேர்ந்து பிணத்தைச் சுமந்து செல்கின்றனர். மரியா மடிவதில்லை, துப்பாக்கியைக் கையிலேந்தி இரு சாராரையும் குற்றஞ்சாட்டிய பின்னர் வாழ்கிறாள். மரணம் இங்கே எதனையும் மூடி மறைக்கவில்லை. ஆயினும் சமநிலை முழுமையானதன்று. வெள்ளை இளைஞர் ஏன் வீதிக்கு வந்தனர் என்பதை விளக்க அவர்களுக்குக் கிண்டல் நிறைந்த தனிப்பாடல் உண்டு. போட்டோ றிக்கோ இளைஞரின் கோபத்துக்கு அத்தகைய விளக்கம் இல்லை. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்ற உண்மையும் நாடகத்தில் மங்கிப்போகின்றது.

மூலத்தின் கசப்பான முடிவை இனிதாக்கும் இப்பழக்கம் வேறிடங்களிலும் உண்டு. ஹங்கேரிய நாடகாசிரியர் மொல்னாரின் 'லிலியொம்' (1909) நாயகன், இறந்தபின் பூமிக்கு ஒரு நாள் வந்து, மகளை அறைந்து, தோற்றவனாகவே திரும்புகிறான். அதனைத் தழுவிய 'கறௌசல்' (1945) அவனுக்கு மீட்சியளிக்கிறது. பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்து எலைசா பேராசிரியரை மணப்பதை ஷா உறுதியாக மறுத்தார். 'மை ஃபெயார் லேடி' (1956) அவளை அவரிடமே திரும்பி வரச்செய்தது. லிங்கன் சென்ரரில் 2018இல் மேடையேறிய மறுதயாரிப்பில் எலைசா அவரை விட்டு வெளியேறினாள்.

மணவினையால் முடியாத கதைகள்

1964 செப்டெம்பர் 22ஆம் திகதி மேடையேறிய 'ஃபிட்லர் ஒன் த றூஃப்' இம்மரபினை உள்ளிருந்தே மாற்றியது. ஜோசப் ஸ்ரைன் வசனமும், ஜெறி பொக் இசையும், ஷெல்டன் ஹார்ணிக் பாடல்களும் ஆக்கிய இந்நாடகம் இத்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலைக்கெமின் கதைகளைத் தழுவியது. ஆண்டு 1905, இடம் ரஷ்யப் பேரரசின் யூதக் கிராமமாகிய அனதெவ்கா. பால்காரர் தேவ்யாவின் மூன்று புதல்வியர் மூன்று மணங்களை நாடுகின்றனர். மூத்தவள் தரகர் பேசிய செல்வனை மறுத்து ஏழைத் தையற்காரனைத் தேர்கிறாள். அடுத்தவள் புரட்சிக்கார மாணவனைத் தேர்ந்து, தந்தையின் அனுமதியை வேண்டாது ஆசியை மட்டும் கேட்கிறாள். மூன்றாமவள் ஹாவா, பிற மதத்தவனை மணக்கிறாள். மரபு முதற்படியில் வளைகிறது. இரண்டாம் படியில் மேலும் வளைகிறது. மூன்றாம் படியில் தேவ்யா, இனி வளைந்தால் முறிந்துவிடுவேன் என நின்றுவிடுகிறார்.

இங்கே மணவினை முடிவாகாமல் வினாவாகின்றது. முதற் புதல்வியின் திருமணக் கொண்டாட்டமே முதல் அங்கத்தின் இறுதியில் வன்முறைக் கும்பலாற் குலைக்கப்படுகிறது. நாடகத்தின் முடிவிலோ கிராமம் முழுவதும் மூன்று நாட்களுக்குள் வெளியேற்றப்படுகின்றது. மற்ற நாடகங்களில் சமுதாயம் ஒருவரைத் தள்ளிவிட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ளும். இங்கே அச்சமுதாயமே தள்ளிவிடப்படுகிறது. அவ்வாறு தள்ளப்படும் தேவ்யாவே தன் மகளைத் தள்ளியவர் என்பதில் நாடகத்தின் உயர்ந்த நேர்மை உள்ளது. மூலக்கதையில் ஹாவா கணவனை விட்டுத் தந்தையிடம் மீள்கிறாள். நாடகத்தில் அவள் கணவனோடு, இத்தகைய கொடுமை செய்வோர் நடுவில் வாழமாட்டோம் என்று தானும் ஊரை நீங்குகிறாள். தந்தை அவளை நேரே நோக்காது முணுமுணுக்கும் ஆசிமொழி, முழுமையான சமரசத்தினும் உண்மையானது. இங்கு நிகழ்ந்த மாற்றம் மூலத்தை இனிதாக்கவில்லை, விரிவாக்கியது. ஆயினும் தேவ்யா செல்லுமிடம் அமெரிக்கா எனக் குறித்ததில், அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் பலர் அமர்ந்திருந்த அரங்குக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

'கபரே' (1966) அவ்வாறுதலையும் நீக்கிற்று. ஜோ மாஸ்ரறொஃப், ஜோன் கான்டர், ஃபிறெட் எப் ஆகியோரின் இந்நாடகத்தில், நாஸிகள் தலைதூக்கும் பேர்லினில் விடுதி நடத்தும் முதிய சீமாட்டி ஷினைடரும் யூதப் பழ வியாபாரி ஷுல்ற்ஸும் மணம்புரிய இசைகின்றனர். நிச்சயதார்த்த விருந்திலே விருந்தினன் ஒருவனின் கையில் நாஸிப் பட்டி தெரிகிறது. பின்னர் பழக்கடைக் கண்ணாடி கல்லெறிபட்டு உடைகிறது. சீமாட்டி மணத்தை நிறுத்திவிடுகிறாள். அவள் கொடியவள் அல்லள். தன் விடுதியையும் எஞ்சிய வாழ்நாளையும் காத்துக்கொள்ள விரும்பும் எளியவள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பவள். ஊராரின் ஒற்றுமைக்காக ஒருவரை விட்டுக்கொடுப்பது எத்துணை இயல்பானது, எத்துணை எளிது என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது. 'ஒக்லஹோமா!' மகிழ்ந்து பாடிய ஒற்றுமையின் மறுபக்கம் இதுவே. ஜட்டின் புகையறையிலிருந்து அவ்வூரை நோக்கினால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே ஷுல்ற்ஸின் கடையிலிருந்து பேர்லின் தோன்றுகின்றது.

முடிவாக

மேற்கண்ட நாடகங்களை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். பாடல்களை ஆக்கும்போது இவ்வாசிரியர்கள் தம் காலத்தை விட முன்னே சென்றனர். கதையை முடிக்கும்போது பெரும்பாலும் தம் பார்வையாளரோடு நின்றனர். ஜோவுக்கும் ஜட்டுக்கும் கேபிளுக்கும் பாடல் உண்டு, வாழ்வில்லை. இதனைக் கொண்டு இந்நாடகங்களைப் பொய்யென ஒதுக்குவது தவறு. அவை பாடியிராவிட்டால் மறுக்கப்பட்டது எது என்பதே தெரிந்திராது. அவை பாடிய அழகிலே மயங்கி முடிவை மறப்பதும் தவறே. மக்களை ஈர்க்கும் கலை எதற்கும் இவ்விரட்டைப் பார்வை தேவை. அக்கலை தன் பார்வையாளர் எதனை ஏற்கத் துணிந்தனர் என்பதையும், எந்த இடத்தில் நின்றுவிட்டனர் என்பதையும் ஒருங்கே பதிவு செய்கின்றது.

மூலநூலையும் மேடைப்பிரதியையும் அருகருகே வைத்து, முடிவு எங்கே மாறிற்று, யார் பொருட்டு மாறிற்று எனக் கேட்பதே இதற்குரிய எளிய வழி. 'ஒக்லஹோமா!'வின் இறுதியில் ஊரார் பாட, மணமக்கள் ஏறிய வண்டி புறப்படுகிறது. சற்று முன் மேடையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட கூலியாளின் உடலை யார் அடக்கஞ் செய்தனர் என்பதை நாடகம் சொல்வதில்லை. அரங்கு கைதட்டும் வேளையில் அவ்வினாவை எழுப்புவது விமர்சனத்தின் கடன்.